நுரை மட்டும் போதுமா, டாக்டர்?

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 27. பையனுக்கு எட்டு மாதம் முடியப்போகிறது. சிசேரியன். தாய்ப்பால் கொடுக்கிறேன், கூழும் இட்லியும் ஊட்ட ஆரம்பித்துவிட்டேன். இன்னும் மாதவிலக்கு வரவில்லை. வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். பிள்ளை பிறந்தபோது வந்து பார்த்துவிட்டுப் போனவர், அடுத்த மாதம்தான் நாற்பது நாள் லீவில் வருகிறார். மூன்று வருஷமாவது அடுத்த பிள்ளை வேண்டாம் என்று நினைக்கிறேன். காப்பர் டி என்றாலே மாமியார் பதறுகிறார். அவர் தங்கச்சிக்குப் போட்டது மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விட்டதாம். ஆணுறை இவருக்குப் பிடிக்காது. நியூஜெர்சியிலிருந்து வந்திருந்த நாத்தனார் எனக்கு ஒரு டப்பா கொடுத்தார். ஷேவிங் நுரை டப்பா மாதிரியே இருக்கிறது, கூடவே ஒரு பிளாஸ்டிக் குழாய். ‘நொனாக்சினால்-9, 12.5 சதவீதம்’ என்று போட்டிருக்கிறது. “இதை வச்சுக்கோ, யாருக்கும் தெரிய வேண்டாம்” என்றார். பீரோவில் பட்டுச்சேலைக்கு நடுவில் வைத்திருக்கிறேன். இதை மட்டும் நம்பலாமா? பிள்ளை குடிக்கிற பாலில் கலக்குமா?
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

அம்மா, ‘யாருக்கும் தெரிய வேண்டாம்’ என்ற வார்த்தைகளுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். கேட்ட கேள்விக்கு முதலில் பதில்: நுரையை மட்டும் நம்பாதீர்கள்.

விந்தணுவைக் கொல்லும் இந்த வகை மருந்தை மட்டும் நம்பியிருக்கும் நூறு பெண்களில், ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய 21 பேர் கருத்தரிக்கிறார்கள். ஒரு தடவைகூட மறக்காமல், சொன்னது சொன்னபடி பயன்படுத்தியவர்களிலேயே 16 பேர். ஆணுறையை வழக்கமாகப் பயன்படுத்துகிறவர்களில் 13 பேர். காப்பர் டி போட்டவர்களில் ஒருவருக்கும் குறைவு. ஒன்றுமே பயன்படுத்தாவிட்டால் 85. அதனால் நாத்தனார் கொடுத்தது வீண் பொருள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து பேரில் ஒருவருக்குத் தவறுகிற ஒன்றை, கருப்பையில் தையல் ஆறி எட்டே மாதமான உங்களிடம், ‘இது போதும்’ என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு பிரசவம் ஆனால் அடுத்து கருத்தரிக்கக் குறைந்தது 24 மாதம் போகட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிசேரியன் ஆனவர்கள் அவசரப்பட்டால், அடுத்த பிரசவ வலியில் பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்து கூடுகிறது.

இன்னொன்று. மாதவிலக்கு வரவில்லை, பால் கொடுக்கிறோம், அதனால் கரு நிற்காது என்று மனதின் ஓரத்தில் நினைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்தப் பாதுகாப்பு முதல் ஆறு மாதத்துக்குத்தான். அதுவும் பிள்ளைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால் மட்டும். உங்கள் பையன் இட்லி சாப்பிடுகிறான். முதல் மாதவிலக்குக்கு முன்னாலேயே கருமுட்டை வெளியே வந்துவிடும். ‘நாளே வரலையே டாக்டர், எப்படி நின்றது?’ என்று கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அழுத பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த நுரை எப்படி வேலை செய்கிறது? நொனாக்சினால்-9 ஒருவகை சோப்புச் சரக்கு. பாத்திரத்து எண்ணெய்ப் பிசுக்கை சோப்பு பிரித்தெடுப்பதுபோல, விந்தணுவின் மேலுறையைக் கரைத்து அதை நீந்த முடியாமல் செய்துவிடும். நுரையாக இருப்பதால் உள்ளே பரவி, கருப்பை வாயை மூடி நிற்கும். ஆனால் ஒரு தடவை வெளிப்படும் விந்தில் இருப்பது கோடிக்கணக்கான அணுக்கள். அத்தனையையும் ஒரு நுரை அணை தடுத்து நிறுத்துவது எல்லா நாளும் நடக்காது.

டப்பா கையில் இருக்கிறது, அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஆணுறையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவை இருபது தடவையாவது நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும், நுரையும் சரியாகப் பொங்காது. குழாயை நிரப்பி, மல்லாந்து படுத்து, உள்ளே போகிற மட்டும் ஆழமாக விட்டுத் தள்ளுங்கள். வாசலிலேயே விட்டால் பயனில்லை, அது கருப்பை வாயில் போய் நிற்க வேண்டும். நுரை உடனே வேலை செய்யும், உள்ளே வைக்கும் மாத்திரை மாதிரிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் உறவு முடிந்துவிட வேண்டும். அதே இரவில் இரண்டாம் முறை என்றால் இரண்டாம் முறையும் வைக்க வேண்டும். முடிந்ததும் எழுந்து போய் உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கம் நம் பெண்களுக்கு அதிகம். ஆறு மணி நேரத்துக்கு அதைச் செய்யாதீர்கள், வெளியே மட்டும் கழுவினால் போதும். குழாயை சோப்பும் வெந்நீரும் போட்டு அலசி வையுங்கள். டப்பாவுக்குள் மருந்து தீர்ந்துகொண்டு வருவது வெளியே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். காலாவதித் தேதியை இன்றைக்கே பாருங்கள்.

பாலைப் பற்றிப் பயம் வேண்டாம். பால் கொடுக்கும் பெண்கள் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இனி அந்த இரண்டு கோடு. தென் மாவட்டங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் பெண்களைப் பார்த்துவருகிறேன். நுரை, ஜெல்லி, உள்ளே வைக்கும் மாத்திரை இவற்றைத் தேடி வருகிறவர்கள், இது சிறந்த முறை என்பதற்காக வருவதில்லை. யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதற்காக வருகிறார்கள். ஆஸ்பத்திரி வாசல் ஏற வேண்டாம், மாமியாரிடம் பதில் சொல்ல வேண்டாம், கணவரை வற்புறுத்த வேண்டாம். அந்த ஆசையில் தவறே இல்லை. 1930களில் ‘குடிஅரசு’ பத்திரிகையில் பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதியபோது, மற்றவர்கள் வறுமையையும் பெண்ணின் உடல்நலத்தையும் காரணமாகச் சொல்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காகச் சொல்கிறோம் என்றுதான் வாதாடினார். அந்த விடுதலை, ஐந்தில் ஒன்று தவறுகிற டப்பாவோடு முடிந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இரண்டு பிள்ளைக்காரி, தீப்பெட்டி ஒட்டப் போகிறவர். மூன்றாவது வேண்டாம் என்று வந்தார். ஆபரேஷனுக்கு வீட்டில் சம்மதிக்கவில்லை. உள்ளே வைக்கும் மாத்திரை ஒரு பட்டை கொடுத்து, ‘ஒவ்வொரு தடவையும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தார், நாள் தள்ளிப்போயிருந்தது. ‘ஒரு நாள்கூட விடவில்லை டாக்டர்’ என்றார். எப்போது வைத்தீர்கள் என்று விசாரித்தேன். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்து, கணவர் பக்கத்தில் வந்ததும் இருட்டில் பிரித்து வைத்திருக்கிறார். அது கரையப் பத்து நிமிஷமாவது ஆகும். அதை நான் சொல்லவே இல்லை. அன்றைக்குச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: ‘பத்து நிமிஷம் பொறுங்கன்னு அவுககிட்ட எப்படி டாக்டர் சொல்லுறது?’ என்னிடம் பதில் இல்லை. அந்தத் தவறு என்னுடையது, அவருடையது அல்ல.

அதற்குப் பிறகு மாத்திரை கேட்டு வந்தவர்களுக்கு மேஜையிலேயே செய்து காட்ட ஆரம்பித்தேன். எவர்சில்வர் தட்டில் ஒரு நுரை மாத்திரையை வைத்து நான்கு சொட்டு தண்ணீர் விடுவேன். சுற்றிலும் பொங்கும், நுரைத்துக்கொண்டு வழியும். பார்க்கிறவருக்குக் கரைந்துவிட்டது என்றே தோன்றும். விரலால் நுரையை விலக்கினால் நடுவில் பட்டாணி அளவு கட்டியாக அப்படியே இருக்கும். ‘இது கரையிற வரைக்கும் ஆரம்பிக்கக் கூடாது’ என்பேன். அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இது. வீட்டுக்காரர் வருவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் ‘அந்தரா’ என்ற கருத்தடை ஊசி கேளுங்கள். 2017இலிருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். ஒரு ஊசி மூன்று மாதத்துக்கு. வருஷத்தில் நாற்பது நாளுக்காக வருஷம் முழுக்க ஊசியா என்று கேட்க வேண்டியதில்லை, ஒரே ஊசி அந்த லீவு முழுவதையும் தாங்கிவிடும். பிரசவமாகி ஆறு வாரம் தாண்டிவிட்டால் பால் கொடுப்பவர்களும் போடலாம், பால் குறையாது. வீட்டுக்காரர் ஊரிலேயே இல்லாததால் நீங்கள் கர்ப்பமாக இல்லை என்பது உறுதி. எனவே மாதவிலக்கு வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. முதல் ஏழு நாள் மட்டும் வேறு பாதுகாப்பு வேண்டும், அதற்குள் அவர் வரப்போவதில்லை. டாக்டர் பிபி பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் முதல் ஊசி போடுவார். போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது, ஒத்தடம் கொடுக்கவும் கூடாது, மருந்து சீக்கிரம் பரவிவிடும். நடுவில் கொஞ்சம் உதிரம் படலாம், மாதவிலக்கு நின்றும் போகலாம். உதிரம் உள்ளே தங்கிக் கட்டிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கருப்பையின் உள்பூச்சு வளரவில்லை, அவ்வளவுதான். ஊசியை விட்ட பிறகு மறுபடி கருத்தரிக்க ஏழிலிருந்து பத்து மாதம்வரை ஆகலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பர் டி நெஞ்சுக்கு ஏறாது. கருப்பை மேலே மூடிய பை. போடும்போது அதன் சுவரைத் துளைத்துவிடுவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு நேரலாம். அப்படியே நேர்ந்தாலும் அது வயிற்றுக்குள்தான் இருக்கும், ஸ்கேனிலோ எக்ஸ்ரேயிலோ தெரியும், எடுத்துவிடலாம். மாமியாரின் தங்கைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, அவர்கள் பயத்தைக் குறைத்துப் பேசவும் மாட்டேன். ஆனால் ஐந்து வருஷ காப்பர் டியும் பத்து வருஷ காப்பர் டியும் இலவசமாகவே கிடைக்கின்றன, உங்களுக்கு மூன்று வருஷ இடைவெளி வேண்டும், வேண்டாம் என்றபோது அரை நிமிஷத்தில் எடுத்துவிடலாம். இதையும் யோசியுங்கள். ஊசிக்கோ காப்பர் டிக்கோ மாமியார் கையெழுத்தும் வேண்டாம், கணவர் கையெழுத்தும் வேண்டாம். உங்கள் சம்மதம் போதும்.

வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அவர் வந்த இரவில் வேண்டாம். இப்போதே, போனில், பிள்ளை தூங்கிய பிறகு. ‘தையல் ஆறட்டும் என்று டாக்டர் சொன்னார்’ என்று என் பெயரைச் சொல்லியே ஆரம்பியுங்கள்.

எனக்கு 34, மனைவிக்கு 30. ஆறு மாதமாக மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையை உள்ளே வைத்துப் பயன்படுத்துகிறோம். மனைவிக்கு மூன்று தடவை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். எனக்கும் சில நாள் எரிச்சல் இருக்கிறது. மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா? டாக்டரிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்ல மனைவி கூச்சப்படுகிறார்.
– திருப்பூர்

சம்பந்தம் உண்டு, தம்பி. மனைவி சொல்லக் கூசியதை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், நன்றி.

விந்தணுவின் உறையைக் கரைக்கும் மருந்துக்கு அது விந்தணு, இது உடம்பின் தோல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பெண்ணுறுப்பின் உள்சுவரையும் அது அரிக்கும். அங்கே இயல்பாகவே குடியிருந்து காவல் காக்கும் நல்ல கிருமிகளையும் குறைத்துவிடும். அவை குறைந்த இடத்தில் மலப்பாதையிலிருந்து வரும் ஈ.கோலை கிருமி ஏறி மூத்திரப் பையைத் தொற்றிக்கொள்கிறது. எத்தனை ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும் காரணம் உள்ளேயே இருக்கும்வரை கடுப்பு திரும்பத் திரும்ப வரும். மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மறுபடி எரிச்சல் வந்தால் மருந்துக்கு முன்னால் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் என்ன கிருமி என்று பார்க்கும் சோதனை) எடுத்துப் பாருங்கள், டாக்டரிடம் மாத்திரை விஷயத்தை நீங்களே சொல்லுங்கள். சோப்பு, கிருமிநாசினி எதையும் உள்ளே விட்டுக் கழுவ வேண்டாம், எரிச்சல் கூடும்.

ஆணுறைக்கு மாறுவீர்கள் என்றால் சாதாரண ஆணுறையே வாங்குங்கள். விந்தணுக்கொல்லி தடவியது என்று அட்டையில் போட்டிருப்பதால் அது கூடுதல் பாதுகாப்புத் தராது, இதே எரிச்சலைத்தான் திரும்பக் கொண்டுவரும்.

உங்கள் பத்தியை மகள் வாசித்துக் காட்டுவாள். எனக்கு 76 வயது. 1969இல் எங்கள் தெருவுக்கு வரும் நர்சம்மா நுரை மாத்திரை கொடுப்பார். சின்னக் குழாய் மாதிரி டப்பா. வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் வாங்கி வாங்கிப் பரணில் வைத்தேன், ஒன்றைக்கூடப் பயன்படுத்தவில்லை. பிறகு நான்கு பிள்ளைகள். அந்த மாத்திரை இப்போதும் இருக்கிறதா? அன்றைக்கு நான் செய்தது இன்னும் உறுத்துகிறது.
– காரைக்குடி

அம்மா, உறுத்த வேண்டாம். நீங்கள் மட்டும் அப்படிச் செய்யவில்லை.

பஞ்சாபில் லூதியானா பக்கம் கன்னா என்ற ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில், 1950களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் கருத்தடையைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். வீடு வீடாகப் போய் அவர்கள் அதிகம் கொடுத்தது இந்த நுரை மாத்திரையைத்தான். ஜனங்கள் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பிறப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. பல வருஷம் கழித்து மஹ்மூத் மம்தானி என்ற ஆராய்ச்சியாளர் அந்தக் கிராமங்களில் ஒன்றுக்குப் போய் விசாரித்தபோது காரணம் தெரிந்தது. தூரதேசத்திலிருந்து வந்து அன்பாகப் பேசுகிறார்கள், முகத்தில் அடித்த மாதிரி எப்படி மறுப்பது என்று வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் அந்த மாத்திரைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சிலைபோலச் செய்து வைத்திருந்தாராம். வயலில் வேலை செய்யக் கை வேண்டும், பிள்ளைகள்தான் அந்தக் கை. அந்தக் கணக்கை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

நுரையை நம் நாட்டுக்குக் கொண்டுவரும் முயற்சி அதற்கும் முந்தியது. 1935இன் கடைசியில் அமெரிக்காவிலிருந்து மார்கரெட் சாங்கர் அம்மையார் இந்தியா வந்து, வார்தாவில் காந்தியைச் சந்தித்துக் கருத்தடைக்காக வாதாடினார். காந்தி புலனடக்கம் ஒன்றே வழி என்றார், சாங்கர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏழைப் பெண்களுக்கு டாக்டர் உதவியில்லாமல் பயன்படும் என்று அவர் அப்போது நம்பியிருந்தது நுரைப்பொடியும் ஸ்பாஞ்சும்தான். பொடியை ஈர ஸ்பாஞ்சில் தூவினால் நுரைக்கும், அதை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் எடுக்கவே அரை மைல் நடக்கிற பெண், ஒற்றை அறை வீட்டில், பிள்ளைகள் பக்கத்தில் தூங்கும்போது இதையெல்லாம் எங்கே வைத்துச் செய்வாள்? உங்கள் பரணில் அந்த டப்பாக்கள் கிடந்ததற்கும் இதுபோல ஒரு காரணம் இருந்திருக்கும். நர்சம்மா கொடுத்தார், ‘உனக்கு இது தோதுப்படுமா?’ என்று கேட்டாரா? நானும் அந்தத் தீப்பெட்டி ஒட்டும் பெண்ணிடம் கேட்கவில்லை.

மாத்திரை இப்போதும் மருந்துக்கடைகளில் இருக்கிறது, ஆனால் அரசு கொடுக்கும் பட்டியலில் நுரைக்கு இன்று இடமில்லை. இப்போது கொடுப்பவற்றில் ஆணுறை, காப்பர் டி, அந்தரா ஊசி, வாய்வழி மாத்திரைகள், பிறகு ‘சாயா’ என்ற மாத்திரையும் உண்டு. சாயாவைப் பற்றி உங்கள் மகளிடம் சொல்லுங்கள். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது, ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம்.

நான் 24 வயது, சென்னையில் ஐடி வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஆணுறை கிழிந்துவிட்டால் உடனே நுரையோ மாத்திரையோ வைத்தால் போதுமா? அது எச்ஐவி வராமலும் தடுக்கும் என்று ஒரு தோழி சொல்கிறாள். மருந்துக்கடையில் கேட்டபோது ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று கேட்டார்கள், திரும்பி வந்துவிட்டேன்.
– பெயர் வேண்டாம்

எச்ஐவியைத் தடுக்கும் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பினோம். சோதனைக் குழாயில் அந்தக் கிருமியை நொனாக்சினால்-9 கொன்றது. பிறகு பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் பாலியல் தொழில் செய்யும் பெண்களிடம் இந்த ஜெல்லைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2002இல் வெளியானது. தடுக்கவில்லை. அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்குத் தொற்று அதிகமாகவே வந்திருந்தது. திருப்பூர் தம்பிக்குச் சொன்ன அதே அரிப்புதான், புண்ணான சுவர் வழியாகக் கிருமி சுலபமாக நுழைந்துவிடும். 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ‘இது எச்ஐவியிலிருந்து பாதுகாக்காது’ என்று ஒவ்வொரு டப்பாவிலும் அச்சிட வைத்தது. உங்கள் தோழியிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். தூத்துக்குடிப் பெண்ணுக்கும் இதில் ஒரு சேதி உண்டு: ஒரே நாளில் பல தடவை இந்த மருந்தை வைக்க வேண்டாம்.

ஆணுறை கிழிந்த பிறகு நுரை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். விந்தணு சில நிமிஷங்களிலேயே கருப்பை வாய்க்குள் ஏறிவிடும், அங்கே நுரை எட்டாது. அவசரக் கருத்தடை மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒன்று. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. டாக்டர் சீட்டு தேவையில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகளில் அது இருப்பதில்லை, கேட்பவரை ஏற இறங்கப் பார்க்கவும் செய்வார்கள். இது எனக்கு நெடுநாளாக உள்ள ஆதங்கம். அரசு சுகாதார நிலையங்களில் கிடைக்கும். ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொள்வது அதைவிட உறுதியான வழி.

‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று கேட்டார்கள் என்கிறீர்களே. 1967 ஏப்ரலில் அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பில் பேர்டு என்பவர் கருத்தடை பற்றிப் பேசி முடித்துவிட்டு, 19 வயதுப் பெண் ஒருவரிடம் ஓர் ஆணுறையையும் ஒரு நுரை டப்பாவையும் கொடுத்தார். அங்கேயே போலீஸ் அவரைக் கைது செய்தது. கல்யாணமாகாதவர்களுக்குக் கர்ப்பத்தடைப் பொருள் கொடுப்பது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அன்று குற்றம். அவர் சிறைக்குப் போனார், வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 1972 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்ற முடிவில் தலையிடாமல் இருக்கும்படி அரசிடம் கேட்கும் உரிமை, மணமானவருக்கும் ஆகாதவருக்கும் ஒன்றுதான் என்றது நீதிமன்றம். உங்களைக் கேட்ட அந்தக் கேள்வியை ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நுரை டப்பாவை வைத்துத்தான் தீர்த்தது.

நம் சட்டமும் மாறியிருக்கிறது. கருக்கலைப்புச் சட்டம் 1971இல் வந்தபோது, கருத்தடை முறை தவறிப்போனது என்ற காரணத்தை ‘மணமான பெண்’ மட்டும்தான் சொல்ல முடிந்தது. 2021 திருத்தத்தில் அது ‘எந்தப் பெண்ணோ அவருடைய துணைவரோ’ என்றாகிவிட்டது. 20 வாரம்வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், 18 வயது நிறைந்தவருக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும், உங்கள் பெயரை வெளியே சொல்வது டாக்டருக்குக் குற்றம். நாள் தள்ளிப்போனால் கடையில் கலைப்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள். கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். டாக்டரிடம் போங்கள். கடையில் அடுத்த முறை கேட்டால் பதில் சொல்லக் கடமையில்லை. மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

மருந்துக்கடை மாத்திரையைத்தான் வைத்துக்கொண்டிருந்தோம், இருந்தும் நின்றுவிட்டது. இப்போது ஏழாவது வாரம். தெரியாமல் அதன் பிறகும் நான்கைந்து தடவை பயன்படுத்தியிருக்கிறேன். பிள்ளைக்கு ஊனம் வருமா? எங்கள் இருவருக்கும் இந்தப் பிள்ளை வேண்டும்.
– நாகர்கோவில்

அந்த மாத்திரையால் வராது. இந்தக் கேள்வியை ஆராய்ச்சிகள் நன்றாகவே அலசிவிட்டன. விந்தணுக்கொல்லியைப் பயன்படுத்தும்போது உண்டான கருவுக்கும் சரி, தெரியாமல் அதற்குப் பிறகு பயன்படுத்தியதற்கும் சரி, அதனால் பிறவிக் குறை கூடுவதாக ஆதாரம் இல்லை. மாத்திரையை இனி வைக்க வேண்டாம். ஃபோலிக் ஆசிட் ஆரம்பித்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே ஆரம்பியுங்கள். பிள்ளை கருப்பையில்தான் இருக்கிறதா என்று இப்போது ஒரு ஸ்கேன், பிறகு 11இலிருந்து 13 வாரத்துக்குள் இன்னொன்று. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.